வகர்ஷபாத் போகும் மகளுக்கு

அன்புள்ள நித்யாவுக்கு,

தேர்வு முடிந்ததும் தோழிகளோடு எச்மியாட்ஸின் போகப்போவதாகச் சொன்னாய். ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் அங்கே போகிற விதம் தெரிந்ததுதான். டாக்சியில் பேராலய வாசலில் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குள் விடுதிக்குத் திரும்பிவிடுவார்கள். அப்படிப் போனால் ஒரு தேவாலயத்தைப் பார்த்ததாகத்தான் ஆகும், ஊரைப் பார்த்ததாக ஆகாது. அரசாங்கக் காகிதங்களில் அந்த ஊருக்கு 1995 முதல் மறுபடியும் வகர்ஷபாத் என்றே பெயர். 1945இல் சோவியத் காலத்தில் எச்மியாட்ஸின் என்று மாற்றியிருந்தார்கள். ஜனங்கள் இரண்டையும் சொல்வார்கள்.

அது ஒரு பழைய தலைநகரம். ஆர்மேனியர்கள் தலைநகரத்தை அடிக்கடி மாற்றியவர்கள். பழைய அர்தஷாத் இன்று வயல்களுக்கு நடுவே மண்மேடு. த்வின் 893ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் நொறுங்கி, 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் வந்தபின் எழவேயில்லை. அனி துருக்கி எல்லைக்குள் ஆளில்லாத இடிபாடாகக் கிடக்கிறது. வகர்ஷபாத் தலைநகரமாக இருந்தது இரண்டு நூற்றாண்டுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான். ஆனால் அங்கே இன்றும் பள்ளிக்கூட மணி அடிக்கிறது, சந்தை கூடுகிறது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 46,540. அந்த மூன்றும் போய் இது நின்றது எப்படி என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு போ.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசன் முதலாம் வகர்ஷ் (117–140) முன்பே இருந்த ஒரு குடியிருப்பைச் சுற்றி மதில் எழுப்பித் தன் பெயரை வைத்தான். 163இல் ரோமானியத் தளபதி ஸ்டேஷியஸ் பிரிஸ்கஸ் அர்தஷாத்தை அழித்துவிட்டுப் படையை இங்கே நிறுத்தினான். அந்தப் படையினர் வெட்டிய லத்தீன் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. அதற்கும் 800 ஆண்டுகளுக்கு முன்பே, இந்தப் பகுதியை அப்போது ஆண்ட உரார்ட்டு நாட்டு அரசன் இரண்டாம் ருசா ஹ்ரஸ்தான் ஆற்றிலிருந்து இந்தப் பக்கம் கால்வாய் வெட்டியதைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். மழை குறைவான அராராத் சமவெளியில் கால்வாய் இருந்தால்தான் ஊர். இன்றும் அங்கே திராட்சையும் சர்க்கரை பாதாமியும் விளைவது பாய்ச்சும் தண்ணீரில்தான். ஊர் பிழைத்ததற்கு நான் சொல்லும் முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் நீ பார்க்கப்போகும் கோயில்கள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசன் திரிதத் கிறிஸ்தவனானான். மரபு சொல்லும் ஆண்டு 301. சில அறிஞர்கள் 314 என்பார்கள். அந்தச் சண்டையில் நீ தலையிட வேண்டாம், அங்கே எல்லாப் பலகையிலும் 301தான் இருக்கும். 330களில் மன்னன் கோஸ்ரோவ் த்வினைக் கட்டினான், அரசு அங்கே போயிற்று. 360களில் பாரசீகத்து இரண்டாம் ஷாப்பூர் வகர்ஷபாத்தைச் சூறையாடி ஜனங்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனான். ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் திருச்சபைத் தலைவரான கத்தோலிக்கோஸின் இருக்கையும் த்வினுக்கு மாறியது. அது ஊர் ஊராக அலைந்து 1441இல்தான் திரும்பியது. ஏறக்குறைய ஆயிரம் வருடம் அரசனும் இல்லை, கத்தோலிக்கோஸும் இல்லை. ஆனாலும் கல்லறைகளைத் தேடி யாத்திரிகர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

இனி போகிற வழி. டாக்சி வேண்டாம், மஷ்ருத்கா என்ற சிற்றுந்தில் போ. நிற்குமிடமும் எண்ணும் அவ்வப்போது மாறுவதால் புறப்படும் முன் விடுதியில் கேட்டுக்கொள். சில்லறை திராம் கையில் இருக்கட்டும். காலையிலேயே கிளம்பு. வெயில் ஏறினால் புழுதி மூட்டம் எழுந்து அராராத் மலை மறைந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் அந்தச் சமவெளி 40 டிகிரியைத் தொடும், நிழலும் குறைவு.

நேராக ஊருக்குள் போகாதே. சில கிலோமீட்டர் முன்னாலேயே நெடுஞ்சாலையில் கழுகுச் சிலை வைத்த வாசல் வரும், யெர்வந்த் கோச்சார் செய்தது. ஓட்டுநரிடம் “ஸ்வார்த்நோட்ஸ்” என்று முன்கூட்டியே சொல்லி அங்கே இறங்கு. விமான நிலையத்துக்கும் அதே பெயர் என்பதால் கோயில் என்று சேர்த்துச் சொல். கட்டணம் உண்டு. ஆர்மேனியாவில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, அந்த நாளைத் தவிர்த்துவிடு.

ஸ்வார்த்நோட்ஸை ஏழாம் நூற்றாண்டின் நடுவில் கத்தோலிக்கோஸ் மூன்றாம் நெர்செஸ் கட்டினார். மூன்று அடுக்கு, வட்ட வடிவம், சுமார் 45 மீட்டர் உயரம் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் விழுந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது, கிடைத்த கற்களை வைத்துக் கட்டடக் கலைஞர் தோரோஸ் தோரமானியன் மூன்றடுக்கு வடிவத்தை வரைந்தார். பலர் நம்பவில்லை. பிறகு அனியில், இதைப் பார்த்து மன்னன் முதலாம் ககிக் கட்டிய கோயிலின் இடிபாட்டில், ககிக் அந்தக் கோயிலின் மாதிரியைக் கையில் ஏந்தி நிற்கும் சிலை கிடைத்தது. வரைபடத்தை அது பெரிதும் உறுதி செய்தது.

ஏன் விழுந்திருக்கலாம் என்பதை அங்கேயே நின்று பார்க்கலாம். தரையில் நான்கு பெரிய தூண்கட்டுகளின் அடித்தளம் தெரியும். அவற்றுக்கு நடுவே, கிழக்குப் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் ஆறாறு தூண்கள் வளைந்து நிற்கும். மேலே இருந்த இரண்டு வட்ட அடுக்குகளின் பாரம் முழுவதும் இவற்றின்மேல்தான். சுற்றுச்சுவர் அந்தப் பாரத்தைத் தாங்காத உறை. நிலம் பக்கவாட்டில் ஆடினால் தாங்கிப்பிடிக்க ஒன்றுமில்லை. அனியில் ககிக் கட்டிய நகலும் நெடுநாள் நிற்கவில்லை. தூண்தலைகளில் கழுகையும் கூடைப் பின்னலையும் பார். கூடைகளில் நெர்செஸின் பெயர் கிரேக்க எழுத்துகளைக் கோர்த்துப் பொறித்திருக்கும். தெற்குப் பக்கம் அரண்மனையின் அடித்தளமும் திராட்சை மிதித்த தொட்டிகளும் இருக்கின்றன. பலர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

அங்கிருந்து மறுபடி மஷ்ருத்கா. ஊர் எல்லையில் மேட்டில் ஹிரிப்சிமே கோயில் தெரிந்ததும் இறங்கிவிடு. 618இல் கத்தோலிக்கோஸ் கோமித்தாஸ் கட்டியது. ஸ்வார்த்நோட்ஸைவிட முப்பது வருடம் மூத்தது, இன்றும் நிற்கிறது. வெளியே நின்று பார்த்தால் சதுரம், முகப்பில் ஆழமான முக்கோணக் குழிவுகள். உள்ளே போனால் நான்கு பெரிய அரைவட்டங்கள், அவற்றின் மூலைகளில் நான்கு வட்ட மாடங்கள். கூம்புக் கூரையின் பாரம் எட்டுத் திசையிலும் இறங்கித் தடித்த சுவருக்குள் போய்விடுகிறது. இரண்டையும் ஒரே காலையில் பார்த்தால்தான் இந்த வித்தியாசம் பிடிபடும், அதனால்தான் இந்த வரிசை. பலிபீடத்தின் கீழே சிறு படிகளில் இறங்கினால் ஹிரிப்சிமேயின் கல்லறை. ரோமிலிருந்து தப்பி வந்த கன்னியரில் ஒருத்தி, திரிதத் மதம் மாறுமுன் அவன் ஆணையால் மாண்டவள் என்பது மரபு.

சுவரைக் கையால் தொட்டுப் பார். எரிமலைச் சாம்பல் இறுகிய துஃப் கல். முழுச்சுவரும் கல் இல்லை. வெளியே ஒரு தோல், உள்ளே ஒரு தோல், நடுவில் சுண்ணாம்புச் சாந்தில் குழைத்த உடைகல். நடுவில் இருப்பதுதான் பாரம் தாங்கும். கூரை இடுக்கில் புல் முளைத்து, வேர் ஓடி, தண்ணீர் இறங்கினால் சாந்து கரைந்து வெளித்தோல் கழன்று வரும். நாட்டின் பாதி இடிபாடுகளில் முகப்புக் கல் இல்லாமல் நிற்கும் கரடுமுரடான சுவர்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

பக்கத்தில் 1694இல் எழுந்த ஷோகாகாத் சிறு கோயில், ஐந்து நிமிடம் போதும். பிறகு ஊருக்குள் நடந்து பேராலயத்துக்குப் போ. ஞாயிறானால் முற்பகலில் திருப்பலி இருக்கும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும். தோள் மூடிய உடை போதும். முக்காடு கட்டாயமில்லை, ஒரு துப்பட்டா பையில் இருக்கட்டும். மெழுகுவத்தியை அதற்கென்று வைத்திருக்கும் மணல் தட்டில் செருகு. வெளியே வரும்போது பலிபீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து வருவார்கள், நீயும் அப்படியே வா. கதவுப்படியில் தடுக்காமல் பார்த்துக்கொள்.

கட்டடம் ஒரே காலத்தது அல்ல. மரபுப்படி 301–303இல் கட்டியது. 480களில் ஆர்மேனியப் பிரபு வாஹன் மாமிகோனியன் ஏறக்குறையப் புதிதாகவே எழுப்பினார். மணிக்கோபுரம் 17ஆம் நூற்றாண்டு, உள் ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டில் ஹொவ்னதானியன் குடும்பத்தார் தீட்டியவை. 1950களில் அலெக்சாந்தர் ஸாஹினியன் அகழ்ந்தபோது பலிபீடத்தின் கீழே பழைய தீவழிபாட்டு மேடை ஒன்று வெளிப்பட்டது. வடக்கு வெளிச்சுவரில் கிரேக்க எழுத்தோடு புனித பவுலும் தெக்லாவும் இருக்கும் சிறு புடைப்புக் கல்லைத் தவறவிடாதே, இந்தச் சுவரின் மிகப் பழைய சிற்பங்களில் ஒன்று. 2012இல் தொடங்கிய பழுதுபார்ப்பு முடிந்து 2024 செப்டம்பர் கடைசியில்தான் மறுபடி திறந்தார்கள். அதே நாட்களில் மூரோன் என்ற புனித எண்ணெயையும் காய்ச்சினார்கள். ஆலிவ் எண்ணெயில் பரிமளத் தைலமும் நாற்பதுக்கு மேற்பட்ட பூ, மூலிகைகளும் சேர்வது அது. பழைய மூரோனில் கொஞ்சம் புதியதில் ஊற்றுவார்கள், அதனால் தொடர்ச்சி அறுவதில்லை. வழக்கமாக ஏழாண்டுக்கு ஒரு முறை. உலகெங்கும் உள்ள பல ஆர்மேனியத் திருச்சபைக் கோயில்களுக்கு இங்கிருந்து போகும்.

ஊர் பிழைத்த மூன்றாவது காரணம் இந்தத் தொடர்புதான், வெளியூர்ப் பணம். இதில் நம்மூருக்கும் பங்குண்டு. 1604இல் பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் ஆர்மேனியர்களை ஆயிரக்கணக்கில் பெயர்த்து இஸ்பஹானுக்குக் கொண்டுபோனான். பேராலயத்தையே கல் கல்லாகப் பிரித்து அங்கே கட்ட நினைத்தான். சில கற்கள் போயும் விட்டன, இஸ்பஹானில் அவர்கள் குடியேறிய புதிய ஜூல்ஃபாவின் கெவோர்க் கோயிலில் இன்றும் இருக்கின்றன. அந்தப் புதிய ஜூல்ஃபா வணிகர்களின் வழியில் வந்தவர்கள்தான் சென்னையில் சைதாப்பேட்டைப் பாலத்துக்கும் பரங்கிமலைப் படிக்கட்டுக்கும் செலவு செய்த பெட்ரூஸ் வொஸ்கான் போன்றவர்கள். அரண்மனைக்காரன் தெருவில் பூட்டிய கேட்டைத் தாண்டி நீ எட்டிப் பார்த்த ஆர்மேனியன் சர்ச், 1772இல் இவர்கள் கட்டியது.

எச்மியாட்ஸினில் 1771இல் அச்சகம் தொடங்கிய கத்தோலிக்கோஸ் சிமியோனுக்குப் பணம் கொடுத்தவர் இந்தியாவில் வணிகம் செய்த ஓர் ஆர்மேனியர். காகித ஆலையும் அவர் பணத்தில்தான். ஆனால் அடுத்த ஆண்டே சென்னையில் ஷஹாமிரியன் குடும்பத்தார் அச்சகம் வைத்து, ஆர்மேனியர்கள் விடுதலைக்கு எழவேண்டும் என்று புத்தகம் போட்டதும், பாரசீக ஆட்சிக்குக் கீழே இருந்த அதே சிமியோன் பயந்துபோய் அதை எரிக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புரட்சி என்று யாராவது சென்னையில் அச்சடித்தால் அடி விழுவது அவர் தலையில். உலகின் முதல் ஆர்மேனிய இதழ் 1794இல் வெளிவந்ததும் சென்னையில்தான்.

மதிலுக்கு வெளியே வந்து தெற்கே பத்து நிமிடம் நடந்தால் 630ஆம் ஆண்டின் கயானே கோயில். அங்கே வார இறுதியில் கல்யாணக் கூட்டமும், மத்தாக் நேர்ந்துகொண்டவர்களும் இருப்பார்கள். நம் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவது போலத்தான், ஆனால் முறை வேறு. பாதிரியார் உப்பை மந்திரித்துத் தருவார், ஆட்டுக்கு அதைத் தின்னக் கொடுத்த பிறகே அறுப்பார்கள். கறியைத் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டு வேகவைக்க வேண்டும், மசாலா கூடாது. ஆடு என்றால் ஏழு வீட்டுக்குப் பங்கு போகவேண்டும், மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. யாராவது லவாஷ் ரொட்டியில் சுற்றிக் கொடுத்தால் மறுக்காதே, மறுத்தால் மனம் நோவார்கள். உன் சைவத் தோழியை மட்டும் முன்னாலேயே எச்சரித்துவை. ஆகஸ்ட் நடுவில் போனால் திராட்சை மந்திரிக்கும் ஞாயிறு வரும். பழைய ஆட்கள் அதுவரை புதுத் திராட்சையை வாயில் வைப்பதில்லை.

சாப்பாட்டுக்கு எச்மியாட்ஸின் தோல்மா கேள். கத்தரி, தக்காளி, குடைமிளகாய் மூன்றுக்குள்ளும் கறியும் அரிசியும் அடைத்துச் சேர்த்து வேகவைப்பது, கோடைப் பண்டம்.

ஒரு எச்சரிக்கை. பிரதமருக்கும் கத்தோலிக்கோஸ் இரண்டாம் கரேகினுக்கும் 2025 முதல் பகிரங்கமான மோதல். ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி. கேட்டால் “நான் படிக்க வந்தவள்” என்று சொல்லி நகர்ந்துவிடு. நேரம் மிஞ்சினால் மேற்கே அக்னாலிச் கிராமத்தில் 2019இல் திறந்த யஸீதி மதத்தாரின் பெரிய கோயில் இருக்கிறது, அதற்கு மட்டும் டாக்சி பிடிக்கலாம். இருட்டின பிறகு மஷ்ருத்கா குறையும், ஆறு மணிக்குள் ஏறிவிடு. வடக்குச் சுவர்க் கல்லைப் படம் எடுத்து அனுப்பு, எழுத்து தெரியும்படி கிட்டப் போய் எடு.

அன்புடன்,
அப்பா