பிளேடை எடுத்து உள்ளே வை

தேவகோட்டை

அன்புள்ள வள்ளியப்பா,

இங்கே எல்லோரும் சுகம். கண்டனூர் ஆச்சிக்கு முழங்கால் வலி தேவலை. மெய்யப்பன் வீட்டை இன்னும் விற்கவில்லை, விற்கவும் மாட்டான்.

உன் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. பாதி எழுத்து விழுந்திருக்கிறது, பாதி விழவில்லை. இரண்டு மூன்று இடங்களில் தாளே கிழிந்திருக்கிறது. போதாததற்குக் கடைசியில், "நிப்பு உரசுகிறது, உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன்" என்று ஒரு வரி! வேண்டாம்டா. பிளேடையும் தொடாதே. பள்ளிக்கூடத்தில் எங்கள் நிப்பையெல்லாம் நடுவில் கீறிக் கீறிப் பாழாக்கினாயே, கணக்கு சார் உனக்கு வைத்த பேர் மறந்துபோச்சா?

உன் தங்க நிப்பின் நுனியில் இருக்கும் குட்டி உருண்டை தங்கமே இல்லை. அதைவிடப் பல மடங்கு கடினமான உலோகக் கலவை, தனியாகப் பற்றவைத்தது. உப்புத்தாளில் தேய்த்தால் போனது போனதுதான்.

என் பேனாவைப் பார்த்துவிட்டு மதுரையில் ஒரு கடைக்காரர், "நிப்பு செத்துப்போச்சு, மாத்திடுங்க" என்றார். அதே நிப்பில்தான் இதை எழுதுகிறேன். வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. காய்ந்த மை அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நிப்புக்கு அடியில் நாக்கு இருக்கிறதே, அதிலுள்ள மெல்லிய பள்ளங்கள் வழியாக மை கீழே இறங்க இறங்க, காற்று மேலே போகவேண்டும். 1884-இல் அமெரிக்கப் பேனாக்காரர் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கியதே இந்தச் சங்கதிக்குத்தான். காற்றுக்கு வழியில்லை என்றால் மை இறங்காது. மை இறங்கவில்லை என்று நாம் அழுத்துவோம், அழுத்த அழுத்த நிப்பு கோணும்.

அதனால் முதலில் கழுவு. நிப்பு மாட்டியிருக்கும் கழுத்தைக் கழற்றி, இங்க் பில்லரால் பின்பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சு. பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு கலந்துகொள். அப்புறம் வெறும் தண்ணீர், நிறமே இல்லாமல் வரும்வரை. சுடுதண்ணீர் கூடவே கூடாது, எபோனைட், அதாவது பேனா செய்கிற கெட்டி ரப்பர், வெளிறிவிடும். எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் நான் முற்றத்தில் பிடித்த மழைத் தண்ணீரில் கழுவினேன். நீ கேன் தண்ணீரை எடுத்துக்கொள்.

அதற்குப் பிறகும் உரசினால், நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அந்த லென்ஸில் நுனியை நேருக்கு நேர் பார். பிளவின் இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக இருக்கவேண்டும். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று கையே சொல்லிவிடும். பேனாவை இடப்பக்கம் இழுக்கும்போது மட்டும் உரசினால் வலப்பக்கம் தாழ்ந்திருக்கிறது. வலப்பக்கம் இழுக்கும்போது என்றால் இடப்பக்கம். தாழ்ந்ததை நகத்தால் மெதுவாக, மிக மெதுவாக, மேலே தூக்கு. தூக்கிவிட்டுப் பார், மறுபடியும் தூக்கு. ஒரே மூச்சில் நிமிர்த்த நினைக்காதே. பிறகு அழுத்தாமல் எழுது. பேனாவின் கனமே போதும்.

சரி, இனி கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். அடைத்த நிப்பு எழுத்தை விட்டுவிட்டு எழுத வைக்கும். எழுத்தைச் சின்னதாக்காது. உன் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் பெரிதாகத் தொடங்கி, முடியும்போது கடுகளவுக்குப் போய்விடுகிறது. உன் கையெழுத்து அப்படிப்பட்டதில்லை. உங்கள் அப்பச்சிக்குக் கை நடுங்க ஆரம்பித்த வருஷம் அவர் எழுதிய கணக்குப் புத்தகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கும் இருக்கும்.

பேனா சரியானதும் அதில் ஒரு பக்கம், பால்பாயிண்டில் ஒரு பக்கம் எழுதி அனுப்பு. கோடு போட்ட தாள் வேண்டாம். இரண்டிலும் எழுத்து சுருங்கியிருந்தால் நரம்பு டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும், நானே சென்னைக்கு வந்து கூட்டிப்போகிறேன். ஆனி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதே.

உன்,
சொக்கு