ஒட்டுக்கேட்பு உத்தரவில் நீதிபதி கையெழுத்து இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிய கட்டுரையில், ‘நீதிமன்ற அனுமதி பெற்றுத்தான் ஒட்டுக்கேட்க முடியும் என்பதால் சாதாரண மக்கள் அஞ்சத் தேவையில்லை’ என்று ஒரு வரி வந்திருந்தது. சட்டச் செய்திகளுக்கென்றே தனிப் பக்கம் ஒதுக்கும் உங்கள் பத்திரிகையில் இது எப்படி அச்சேறியது? இந்தியாவில் ஒட்டுக்கேட்பு உத்தரவில் எந்த நீதிபதியும் கையெழுத்திடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கையெழுத்திடுபவர் உள்துறைச் செயலாளர். அவசரம் என்றால் மாநிலத்தில் ஐ.ஜி. அந்தஸ்து அதிகாரியே தொடங்கிவிடலாம். ஏழு வேலை நாள்களுக்குள் செயலாளர் ஒப்புதல் தந்தால் போதும். ஓர் உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தால் 180 நாள் வரை. அதைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவில், மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், சட்டச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். மூவருமே அரசு அதிகாரிகள். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் போய் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது, 2024 டிசம்பரில் புதிய விதிகளும் வந்தன. இந்த ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

அந்தக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று 2018இல், தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அரசே அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதியது. எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தாலும் ஓர் உத்தரவுக்கு இரண்டு நொடி கிடைக்காது.

ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு, அது முடிந்த பிறகும் யாரும் தகவல் சொல்வதில்லை. வழக்கு என்று ஒன்று வந்தால்தான் விஷயம் வெளியே வரும். 2011இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஓர் உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில்தான் ரத்து செய்தது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது, குற்றத்தைத் துப்பறிவதற்காக மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்றது. நம் ஊர் நீதிமன்றத்தின் தீர்ப்பு இது. உங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

தொலைபேசியில் பேசுவதும் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) தரும் பேச்சுரிமைதான் என்று பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. இது பத்திரிகைக்காரர்களுக்கு முதலில் உறைக்க வேண்டும். உங்கள் நிருபருக்குத் தகவல் தரும் கீழ்நிலை ஊழியரைக் கண்டுபிடிக்க, பேச்சைக் கேட்கவே தேவையில்லை. எந்த எண், எத்தனை மணிக்கு, எந்த டவர் என்ற அழைப்புப் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பட்டியலை நிறுவனங்கள் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்க உள்துறைச் செயலாளரின் உத்தரவுகூட வேண்டாம். காவல்துறையின் எழுத்துக் கோரிக்கை போதும். இது தெரிந்த ஊழியர் மறுமுறை உங்கள் நிருபரின் போனை எடுக்க மாட்டார். அதன்பின் அந்த அலுவலகத்து முறைகேடு செய்தியாகவே வராது.

போனுக்குள் ஊடுருவி வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் விவகாரத்தில், உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழுவுக்கு அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் இந்தியத் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் சொன்னார். அன்றும் உங்களிடம் ஒரு தலையங்கம் எதிர்பார்த்தோம், வரவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த வரிக்கு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போடுங்கள். இனி ஒட்டுக்கேட்பு பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் உத்தரவில் கையெழுத்திட்டவர் என்ன பதவியில் இருப்பவர், என்ன தேதி, மறுஆய்வுக் குழு அதைப் பார்த்ததா என்ற மூன்றையும் நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சி.