இடுப்பு முறிவுக்கும் 48 மணி நேரக் கெடு வேண்டும்

ஆசிரியருக்கு,

சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 முதல் நடப்பில் இருக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த மூதாட்டிக்கு அறுவை செய்யவும் ஏறக்குறைய அதே கெடுதான். ஆனால் அவருக்காகக் கடிகாரம் பார்ப்பவர் யாருமில்லை.

முறிந்த கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், 108-ஐ அழையுங்கள். இடுப்பை அசையாமல் கட்டிவைக்க மாவுக்கட்டாலும் முடியாது, மூங்கில் பத்தையாலும் முடியாது. தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகினால், இடுப்பு மூட்டுக்குள் இருக்கும் அதன் பந்து முனைக்குப் போகும் ரத்த ஓட்டமே அறுந்துவிடலாம், அதனால் பெரும்பாலும் பந்தையே மாற்றுகிறார்கள். அதற்குக் கீழே முறிந்தால் கம்பியோ தகடோ வைப்பார்கள்.

வீட்டைவிட வார்டில்தான் நேரம் அதிகம் வீணாகிறது. இதய மருத்துவரின் ‘ஃபிட்னஸ்’ சான்று வரவில்லை, எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கவில்லை, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறார், ஐந்து நாள் போகட்டும் என்பார்கள். இந்த மாத்திரைக்காகக் காத்திருக்கவே தேவையில்லை. முதுகில் மரத்துப்போகும் ஊசி போட முடியாவிட்டால் முழு மயக்கம் கொடுக்கலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரினின் விளைவை வைட்டமின் கே கொடுத்து முறிக்கலாம். கடும் ரத்தசோகை, சோடியம்–பொட்டாசியம் கோளாறு, கட்டுக்கடங்காத இதயச் செயலிழப்பு போன்றவற்றைச் சரிசெய்யத்தான் வேண்டும். அந்த வேலையும் சேர்த்த அன்று இரவே தொடங்க வேண்டியது, மறுநாள் ரவுண்ட்ஸ் வரை கிடப்பில் போடக் கூடியதல்ல. படுத்தே கிடக்கும் ஒவ்வொரு நாளும் நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தக் கட்டு, மனக்குழப்பம் எல்லாம் நெருங்கி வருகின்றன.

காத்திருக்கும் நேரத்தில் காலில் எடை கட்டித் தொங்கவிடுவது இன்னும் பல இடங்களில் வழக்கம். அதனால் வலி குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிறுநீரகம் பாதி செயலிழந்து வரும் முதியவருக்கு, அதை இன்னும் கெடுக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் வலி ஊசி வேறு! அடிவயிற்று மடிப்புக்குக் கீழே ஒரு முறை மரத்துப்போகும் ஊசி, கூடவே பாராசிட்டமால்: பலருக்கு இவையே பெருமளவு வலியைத் தணிக்கும்.

பட்டினி இன்னொரு கொடுமை. இரவு பத்து மணிக்கு ‘வாயில் எதுவும் கூடாது’ என்பார்கள். மறுநாள் மாலை நான்கு மணிக்கு, “இன்று கேஸ் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம்.” திட உணவுக்கு 6 மணி நேர இடைவெளியும் தண்ணீருக்கு 2 மணி நேரமும் போதும். பட்டியல் தள்ளிப்போனதும் அந்த நிமிடமே சாப்பாடு கொடுக்கச் சொல்வது மயக்க மருத்துவரின் பொறுப்பு.

அறுவை முடிந்த மறுநாளே வாக்கரோடு எழுந்து நிற்க வைக்க வேண்டும், சிறுநீர்க் குழாயையும் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் பீரோவில் இல்லாமல் அவர் கைக்கெட்ட இருக்கட்டும், குழப்பம் குறையும். வீட்டுக்கு அனுப்பும்போது எலும்பு வலுவிழப்புக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து எழுதாமல் விடுவதுதான் அடுத்த முறிவுக்கு வழி.

இங்கிலாந்தில் 2010-இல், 36 மணி நேரத்துக்குள் அறுவை, முதியோர் நல மருத்துவரின் பரிசோதனை போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை தரத் தொடங்கினார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இதைச் செய்யலாம். முதற்படியாக, டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் நான்கு கட்டங்கள் கட்டாயமாகட்டும்: சேர்த்த நேரம், அறுவை தொடங்கிய நேரம், தாமதமானால் காரணம், முதலில் எழுந்து நின்ற நாள்.

மயக்கவியல் மருத்துவர்,
திருச்சி