காய்ச்சலோடு வருபவரிடம் இதையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

மாரி தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றாலே டெங்குதான். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் மொசாம்பிக்கில் வேலை செய்துவிட்டு அண்மையில் ஊர் திரும்பிய எங்கள் உறவுக்காரப் பையன், குளிரும் நடுக்கமுமாக ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குப் போனபோது டெங்குப் பரிசோதனையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தார்கள். எங்கிருந்து வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருந்தனவாம், ஆகவே டெங்குவாம். மலேரியாவிலும் அவை குறையுமே! அரச வைத்தியசாலைக்கு மாற்றிய பிறகுதான், மலேரியாவிலேயே கொடிய வகையான பல்சிபாரம் என்று தெரிந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

தொண்ணூறுகளில் வவுனியாவில் நுணுக்குக்காட்டியின் முன் இருந்து, கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தப் பூச்சுகளைப் பார்த்தே கண் பூத்தவன் நான். அன்று காய்ச்சல்காரர் வந்தால் முதலில் விரல் நுனியில் குத்துவோம். 2012 அக்டோபருக்குப் பின் இலங்கையில் மலேரியாவின் உள்ளூர்ப் பரவல் நின்றது; மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. இன்றைய இளம் வைத்தியர்கள் பலர் ஒரு மலேரியா நோயாளியைக்கூடக் கண்டிருக்கமாட்டார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. துண்டு எழுதும் இடத்திலேயே, “கடந்த ஓராண்டில் எந்த நாட்டுக்குப் போனீர்கள்?” என்று ஒரு வரி அச்சடித்துவிட்டால் போதும்.

ஓராண்டு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல்சிபாரம் பெரும்பாலும் ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் தலைகாட்டி, சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும். இந்தியாவிலிருந்து வருவோரிடம் காணப்படும் வைவாக்ஸ் வகை மலேரியா அப்படியல்ல. ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் எழும். அதை அங்கிருந்து அகற்ற, செங்குருதிக் கலங்களைக் காக்கும் ஜி6பிடி நொதியில் குறைபாடு இல்லையென்று உறுதிசெய்துகொண்டு பிரைமாகுயின் மாத்திரையும் கொடுக்க வேண்டும். ஆகவே தடித்த பூச்சில் ஒட்டுண்ணியைக் கண்டதோடு நில்லாமல், மெல்லிய பூச்சில் இனத்தையும் பிரித்தறிய வேண்டும். முதல் பூச்சில் ஒன்றும் தெரியவில்லையா? 12 முதல் 24 மணித்தியால இடைவெளியில் மூன்று முறையாவது பாருங்கள். ஒரேயொரு பூச்சை நம்பி ஆளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

அனுப்பினால் பாதிப்பு அவரோடு முடியாது. 2016 இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்ட, மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகுவது. வடக்கில் கிணறு இல்லாத வளவு எத்தனை?

ஆபிரிக்கா போகிறவர்களுக்கு மலேரியாத் தடை இயக்கம் தடுப்பு மாத்திரைகளை இலவசமாகவே கொடுக்கிறது. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் பணம் வாங்கும் முகவர்கள் இதையும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம்.

ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்,
வவுனியா.