பாதியில் நின்ற பின்னல்

அன்புக் கண்ணம்மா,

நேற்று போனில் பேச்சோடு பேச்சாக, வலது கை பத்து நிமிடம் மரத்துப்போச்சு, கையை மடக்கிப் படுத்திருப்பேன் என்றாய். நானும் சரி என்று வைத்துவிட்டேன். இரவெல்லாம் தூக்கமில்லை.

அப்போது உனக்கு 7 வயது, எனக்கு 34. உனக்குச் சடை பின்னும்போது சீப்பு கையிலிருந்து நழுவியது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. "சீப்பை எடும்மா" என்று சொல்லப் பார்த்தால் வாயில் ஏதோ குழறுகிறது. நான் விளையாடுவதாக நினைத்து நீ சிரித்தாய். பாதிப் பின்னலோடு நீ திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. அதற்கு ஒரு மாதம் முன்பே அந்தக் கை ஒருதரம் மரத்துப்போய்ச் சரியானது. நானும் மடக்கிப் படுத்ததுதான் என்று விட்டுவிட்டேன்.

முதலில் பார்த்த டாக்டர், இந்த வயதில் பக்கவாதமா, ஒற்றைத் தலைவலியாக இருக்கும் என்றார். பிரஷர் இல்லை, சுகர் இல்லை. ஸ்கேனில்தான் அடைப்பு தெரிந்தது. அப்புறம் ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே எதிரியாகி, ரத்தத்தைக் கண்ட இடத்தில் உறைய வைக்கும். எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் என்ற நோய் உள்ளவர்களுக்கும் வரும், எனக்கு வந்ததுபோல் தனியாகவும் வரும். உனக்கு முன்னால் இரண்டு கரு கலைந்ததற்கும் இதுதான் காரணமாக இருந்திருக்கும் என்றார்கள். அதற்கான மூன்று பரிசோதனைகளில் ஒன்றின் பெயர் லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட், அதாவது உறையவிடாதது! சோதனைக் குழாயில் உறைவதைத் தாமதப்படுத்துமாம், உடம்புக்குள் நேர்மாறு. பெயர் வைத்த புண்ணியவானை என்ன சொல்ல.

இது தாயிடமிருந்து அப்படியே பிள்ளைக்கு வரும் நோய் இல்லை. ஆனாலும் வெயில் பட்டால் முகம் தடிக்கிறது, காலையில் விரல் மடங்கவில்லை என்று போன வருடம் நீயே சொன்னாய். அது லூபஸாகவும் இருக்கலாம்; அதையும் இந்தக் கையையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இன்றே ஆஸ்பத்திரிக்குப் போ. சரியாகிவிட்டதே என்று நாளைக்குத் தள்ளாதே. என் நோயின் பெயரைச் சொல், பீரியட்ஸுக்காக எடுக்கும் ஹார்மோன் மாத்திரையையும் சொல். அதில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். மூன்று பரிசோதனையும் கேள். ஒன்றில் பாசிட்டிவ் என்று வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இடையில் வாய் கோணினாலோ, நாக்கு குழறினாலோ, கை தளர்ந்தாலோ மணியைப் பார்த்துக்கொண்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அது தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

பார்த்துவிட்டு வந்ததும் எத்தனை மணியானாலும் கூப்பிடு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அம்மா