உலகப் படை மீது முறைப்பாடு எங்கே கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

எல்லா நாடுகளும் தங்கள் படைகளைக் கலைத்துவிட்டு உலகத்துக்கு ஒரே படையாக வைத்துக்கொண்டால் போரே இருக்காது என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல ஆசைதான். ஆனால் அந்தப் படைக்கு யார் உத்தரவு போடுவது என்பதைப் பற்றி முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, ஐ.நா. பார்த்துக்கொள்ளுமாம்.

ஐ.நா. இதை 1945இலேயே பார்த்துவிட்டது. உறுப்பு நாடுகள் ஒப்பந்தம் செய்து பாதுகாப்புச் சபைக்குப் படை தர வேண்டும் என்று சாசனத்தின் 43ஆம் உறுப்புரையில் இருக்கிறது. யார் எவ்வளவு தருவது என்று 1947இல் பேசப்போனார்கள், ஐந்து வல்லரசுகளும் சமமாகத் தர வேண்டும் என்று சோவியத் ஒன்றியம் பிடிவாதமாக நின்றது, மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அதோடு சரி. இன்றுவரை ஒரு நாடும் அப்படியொரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவில்லை. கோயிலை நிர்வகிக்கும் ஐந்து வண்ணக்கர்மாரும் ஒன்றாகத் தலையாட்டினால்தான் உண்டியல் திறக்கலாம் என்றிருக்கும் கோயிலில் திருவிழா எப்படி நடக்கும் என்று எங்கள் பகுதி ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

படை இருந்தால் மட்டும் போதுமா? 1994இல் ருவண்டாவில் ஐ.நா. படை இருந்தது. பெல்ஜியப் படையினர் பத்துப் பேர் கொல்லப்பட்டதும் அந்த நாடு தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனது, இனப்படுகொலை நடந்துகொண்டிருக்கும்போதே பாதுகாப்புச் சபை மிச்சப் படையையும் 270 பேராகக் குறைக்கச் சொல்லி வாக்களித்தது. துப்பாக்கி இல்லாத குறையா அது?

இன்னொன்று, இன்றைய சமாதானப் படைகளில் நேபாளம், வங்காளதேசம், ருவண்டா, இந்தியா போன்ற நாடுகளின் பிள்ளைகள்தான் அதிகம். செலவில் பெரும்பங்கு அமெரிக்காவும் சீனாவும். காசு ஒரு பக்கம், உயிர் இன்னொரு பக்கம். உலகப் படை வந்தால் இது தலைகீழாகும் என்று நான் நம்பவில்லை.

இலங்கையின் கிழக்கில் இருக்கும் எங்களுக்கு வெளிநாட்டுச் சீருடை புதிதில்லை. 1987இல் அமைதிப்படை என்ற பெயரோடு இந்தியப் படை வந்து, சில மாதத்திலேயே சண்டையில் இறங்கி, 1990இல் போனது. பெயரில் அமைதி இருந்தது. அதற்காக வெளிநாட்டுப் படை என்றாலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சுனாமிக்குப் பிறகு கனடாப் படையின் அனர்த்த உதவிக் குழு அம்பாறைக்கு வந்து, தண்ணீரைச் சுத்திகரித்துக் கொடுத்து, வைத்தியமும் பார்த்தது. அந்த வேலைக்கு ஒரு உலகப் படை என்றால் நாளைக்கே வரட்டும், நானும் கைதட்டுவேன்.

என் பயம் வேறு. ஹெயிட்டியில் இருந்த ஐ.நா. படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து 2010இல் கொலரா பரவியது, ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நட்டஈடு கேட்டு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனபோது ஐ.நா.வுக்குச் சட்டவிலக்கு இருக்கிறது, அதன்மீது வழக்குப் போட முடியாது என்று வழக்கே தள்ளுபடியானது. அதே ஹெயிட்டியில் பாலியல் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டில் 2007இல் நூற்றுக்கு மேற்பட்ட இலங்கைப் படையினர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், நம் நாட்டுச் செய்திதான், ஆனால் இங்கே எத்தனை பேர் அதைப் பற்றிக் கதைத்தோம்? பாதிக்கப்பட்ட பிள்ளைகள் தங்கள் ஊர் நீதிமன்றத்தில் அந்தப் படையினரை நிறுத்த முடியாது. விசாரிப்பது படையை அனுப்பிய நாட்டின் பொறுப்பு, அதுதான் விதி.

இப்போது குறைந்தபட்சம் ஒரு நாட்டின் படை செய்ததை இன்னொரு நாடு கேட்கலாம், ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் ஒரு தீர்மானமாவது வரும். அதனால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்பது காணாமல் போனவர்களின் படத்தோடு வீதியில் நிற்கும் தாய்மாருக்குத் தெரியும். ஆனால் உலகத்தில் இருப்பதே ஒரு படைதான் என்றால் அதுவும் இல்லை, கேட்பதற்கு வெளியே ஆளே இருக்காது. ஆகவே கட்டுரையாளர் அடுத்த பகுதியை எழுதுவதாக இருந்தால், எத்தனை இலட்சம் பேர், எத்தனை கப்பல் என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். அந்தப் படைக்காரர் ஒருவர் என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் நான் எந்த ஊரில், எந்த நீதிமன்றத்தில் போய் முறைப்பாடு கொடுப்பது என்பதை முதலில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருக்கோவில்.