காம்பியாவுக்கு இதில் என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மியான்மரின் ரோஹிங்கியா முஸ்லிம்களை அந்நாட்டு ராணுவம் கொன்று விரட்டியதற்காகக் காம்பியா போட்ட வழக்கு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விவரங்களையெல்லாம் நன்றாகவே சொல்லிக்கொண்டு வந்த கட்டுரையாளர், எங்கோ மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் குட்டி நாட்டுக்கு இதில் என்ன வேலை, துப்பாக்கி வைத்திருக்கிறவனை நீதிமன்றக் காகிதம் என்ன செய்துவிடும் என்கிற தொனியில் முடித்துவிட்டார். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

காம்பியாவின் மக்கள்தொகை சுமார் 25 லட்சம், சென்னை மாநகராட்சியில் பாதிகூட இல்லை. ஒரு ஆற்றின் இரண்டு கரையும் கொஞ்சம் கடற்கரையும்தான் நாடு, மற்ற எல்லாப் பக்கமும் செனகல். 22 வருடம் யஹ்யா ஜாமே என்ற சர்வாதிகாரியிடம் மாட்டிக்கொண்டிருந்து 2017 ஜனவரியில்தான் அதிலிருந்து வெளியே வந்தார்கள். அடுத்த வருடம் மே மாதம் வங்கதேசத்தில் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கூட்டம். வெளியுறவு அமைச்சர் போக முடியாமல் போனதால் சட்ட அமைச்சர் அபூபக்கர் தம்பாதுவை அனுப்பிவைத்தார்கள். அவர் அங்கேயுள்ள காக்ஸ் பஜார் அகதி முகாமுக்குப் போய், தப்பி வந்தவர்கள் சொன்னதைக் கேட்டார். அங்கே யார் வேண்டுமானாலும் போயிருக்கலாம், பல அமைச்சர்கள் போய்ப் படம் எடுத்துக்கொண்டும் வந்தார்கள். ஆனால் தம்பாது அதற்கு முன் ருவாண்டா படுகொலையை விசாரித்த தீர்ப்பாயத்தில் பல வருடம் அரசுத் தரப்பில் வேலை பார்த்தவர். இதே மாதிரிக் கதைகளை ஏற்கெனவே கேட்ட காது அது. 2019 நவம்பர் 11 அன்று காம்பியா தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில், இனப்படுகொலை செய்ததாக மியான்மர் மீது வழக்குப் போட்டது.

கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் அதிகமான பேர் ஓடி வந்து சேர்ந்தது வங்கதேசத்தில். அப்படியானால் வழக்குப் போட வேண்டியது வங்கதேசம்தானே? போட முடியாது. 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையில் 9ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு, கையெழுத்திட்ட நாடுகளுக்குள் தகராறு வந்தால் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சொல்வது அதுதான். வங்கதேசம் சேரும்போதே அந்தப் பிரிவுக்கு ஒரு நிபந்தனை போட்டுவிட்டது, சம்பந்தப்பட்ட எல்லா நாடுகளும் சம்மதித்தால்தான் என்று. மியான்மர் இதையே வாதமாக வைத்தது. நேரடியாகப் பாதிக்கப்பட்ட நாடே வர முடியாதபோது காம்பியா யார் என்று கேட்டது. 2022 ஜூலையில் நீதிபதிகள் 15க்கு 1 என்ற கணக்கில் அதைத் தள்ளினார்கள். இனப்படுகொலை கூடாது என்று கையெழுத்துப் போட்ட எந்த நாடும் இன்னொரு நாட்டைக் கேள்வி கேட்கலாம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். காம்பியாவுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு நீதிமன்றமே பதில் சொல்லியாகிவிட்டது ஐயா.

சரி, பலன் என்ன? 2020 ஜனவரி 23 அன்று 17 நீதிபதிகளும் ஒரே குரலில் இடைக்கால உத்தரவு போட்டார்கள், அந்த மக்களைக் காப்பாற்று, ஆதாரங்களை அழிக்காதே, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடு என்று. அந்த 17 பேரில் மியான்மரே நியமித்த ஜெர்மானியரும் இருந்தார், நம் நாட்டின் தல்வீர் பண்டாரியும் இருந்தார், காம்பியா நியமித்த நவி பிள்ளையும் இருந்தார், அவர் டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அந்த உத்தரவால் கொலை நின்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை, நிற்கவில்லை. ஆனால் அதுவரை இப்படி ஒரு இனமே கிடையாது என்று சாதித்துக்கொண்டிருந்த அரசு, அந்த இனத்தைப் பற்றி அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்தது. 2019 டிசம்பரில், அப்போது மியான்மர் அரசுக்குத் தலைமை தாங்கிய ஆங் சான் சூகியே நீதிமன்றத்துக்கு நேரில் வந்து ராணுவத்துக்காகப் பேசினார். ஓர் ஆயுதக் குழுவின் பெயரைச் சொல்லும்போது தவிர, ரோஹிங்கியா என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியவர் அப்படிப் பேசியதை உலகம் பார்த்தது, பதிவிலும் இருக்கிறது. 2026 ஜனவரியில் இறுதி வாதங்களும் நடந்தன, தப்பியவர்களின் சாட்சியத்தை நீதிமன்றம் மூடிய அறையில் கேட்டது. உயிர் தப்பியவருக்கு, நீதிபதி முன் உட்கார்ந்து நடந்ததைச் சொல்ல ஓர் இடம் கிடைத்ததே, அதை எப்படி வெறும் காகிதம் என்பது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்கலாம். கேளம்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இங்கே புயல் பாதுகாப்பு மையத்தில் பல வருடமாக ரோஹிங்கியா குடும்பங்கள் இருக்கின்றன. பழைய இரும்பு, பிளாஸ்டிக் பொறுக்கிப் பிழைக்கிறார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவர் தன் வீட்டில் உள்ள எல்லாருடைய ஐ.நா. அகதி அட்டைகளையும் பிரதி எடுக்கக் கொண்டுவந்தார். லேமினேஷன் பிரிந்து ஓரமெல்லாம் அழுக்கு. வரிசையாகக் கண்ணாடியில் வைக்கும்போது பார்த்தேன், பெரியவர்கள் நான்கு பேருக்கும் பிறந்த தேதி ஜனவரி 1. கூட வந்த பையனிடம் கேட்டேன். "எங்க அப்பாவுக்குத் தேதி தெரியாது அண்ணா, அதனால அப்படிப் போட்டுட்டாங்க" என்றான், சுத்தமான செங்கல்பட்டுத் தமிழில். தேதியைக் காட்டக்கூட ஒரு காகிதம் இல்லாமல் வந்தவர்கள். 1982இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் சொந்த நாட்டிலேயே நாடற்றவர்கள் ஆக்கப்பட்டவர்கள். காகிதத்தால் என்ன ஆகும் என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா?

அப்புறம் முக்கியமானது. இந்த உடன்படிக்கையை இந்தியா 1959இல் ஏற்றது. ஏற்கும்போதே 9ஆவது பிரிவுக்கு நாமும் வங்கதேசம் போட்ட அதே நிபந்தனையைப் போட்டிருக்கிறோம். அதாவது காம்பியா செய்ததை நம்மால் செய்ய முடியாது, நாளை எங்கே எந்த மக்களை அழித்தாலும் எதிர்த்தரப்பு சம்மதித்தால்தான் நாம் அந்தக் கதவைத் தட்டலாம், எந்தக் கொலைகாரன் சம்மதிப்பான்? 140 கோடிப் பேருக்கு மேல் இருக்கிற நாடு, தானே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைத் திரும்பப் பெற நாடாளுமன்றத்தில் யாராவது கேட்க வேண்டும். கட்டுரையாளர் காம்பியாவைக் கேட்ட கேள்வியை டெல்லியைப் பார்த்துக் கேட்டிருக்கலாம்.

அந்த நிபந்தனை பற்றி, எந்தெந்த நாடுகள் அதைப் போட்டன, எவை பிறகு விலக்கிக்கொண்டன என்ற விவரத்தோடு ஒரு கட்டுரை வெளியிடுங்கள். பிரதி எடுத்து எங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கேளம்பாக்கம்.